சந்தடியில்லாமல் ஒரு சித்திரை வருடப்பிறப்பு: திருகோணமலை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

அமைதியாக வருடப்பிறப்பு வைக்க நினைக்கும் வீட்டில் முதலில் குழம்புவது நேரம்தான். வெடியைக் குறைக்கலாம், விருந்தைக் குறைக்கலாம், பத்து வகைப் பலகாரத்தை ஒன்றாக்கலாம். மருத்துநீர் எப்போது, பானை எப்போது, கைவிசேடம் எப்போது என்று முதல்நாளே தெரியாவிட்டால் நாலு பேர் இருக்கும் வீட்டிலும் விடியற்காலையில் சத்தம் வந்துவிடும். அதனால் பஞ்சாங்கத்தில் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு போவோம். அளவுகள் எல்லாம் நாலு பேருக்கு.

நேரத்தைக் குறித்தல்

சூரியன் மீனத்தை விட்டு மேடத்துக்குள் நுழையும் கணம்தான் வருடப்பிறப்பு. அது நடுச்சாமத்திலும் வரும், பட்டப்பகலிலும் வரும். அதற்கு முன் பத்து நாழிகையும் பின் பத்து நாழிகையும் விஷு புண்ணியகாலம். ஒரு நாழிகை 24 நிமிடம். ஆக முன்னே 4 மணித்தியாலம், பின்னே 4 மணித்தியாலம்.

வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் ஒரே நேரத்தைச் சொல்வதில்லை. நீங்கள் வழமையாகப் போகும் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே வீட்டிலும் பின்பற்றுங்கள். ஒன்றில் பார்த்து மருத்துநீர் வைத்து, மற்றதில் பார்த்துக் கைவிசேடம் கொடுக்கப் போகும்போதுதான் வாக்குவாதம் வரும்.

பஞ்சாங்கத்திலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: வருடம் பிறக்கும் நேரம், புண்ணியகாலம், தலைக்கும் காலுக்கும் வைக்கும் இலைகள், உடுப்பின் நிறம், கைவிசேட நேரங்கள். கைவிசேடத்துக்கு இரண்டு மூன்று நேரம் போட்டிருப்பார்கள். எல்லாரும் விழித்திருக்கும் நேரம் ஒன்றைத் தெரிந்தெடுத்து வட்டம் போடுங்கள். தாளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். தொலைபேசியில் படம் பிடித்து வைப்பதும் நல்லதுதான், ஆனால் காலையில் அந்தத் தொலைபேசி யாரோ ஒருவர் கையில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி கணக்கு. வருடம் அதிகாலை 2.30க்குப் பிறந்தால் புண்ணியகாலம் இரவு 10.30 தொடக்கம் காலை 6.30 வரை. யாரும் நடுச்சாமத்தில் எழும்ப வேண்டியதில்லை. 4.45க்கு எழும்பி, 5 மணி தொடக்கம் 5.45க்குள் எல்லாரும் முழுகிவிடலாம். ஏப்ரல் நடுவில் திருகோணமலையில் 6 மணிக்குச் சற்று முன்னரே சூரியன் எழும்பிவிடும். அப்போது அடுப்பு மூளட்டும். வருடம் ஏப்ரல் 13ஆம் திகதி இரவு 8 மணிக்குப் பிறந்தால் புண்ணியகாலம் பின்னேரம் 4 தொடக்கம் நள்ளிரவு வரை: 5 மணிக்கு முழுக்கு, பொழுதுபட விளக்கு, பொங்கல் மறுநாள் காலை. பகல் ஒரு மணிக்குப் பிறக்கும் வருடம்தான் வில்லங்கமானது. முற்றத்து மணலில் கால் வைக்க முடியாத வெயிலில் பானை வைக்க வேண்டி வரும். அப்படியான வருடத்தில் விறாந்தையிலோ மா மர நிழலிலோ பொங்கினால் ஒரு குறையும் இல்லை.

கடைக்குப் போகும் நாள்

ஏப்ரல் 13, 14 இரண்டும் அரச விடுமுறை. அதற்குப் பிறகும் பல கடைகள் உடனே திறப்பதில்லை. மரக்கறியைத் தவிர மற்றதெல்லாம் 10ஆம் திகதிக்குள் வீட்டில் இருக்கட்டும். மரக்கறிக்கு 12ஆம் திகதி விடிய முதல் சந்தைக்குப் போங்கள். வெயில் ஏறினால் கூட்டமும் விலையும் சேர்ந்து ஏறும்.

பச்சையரிசி ஒன்றேகால் கிலோ, பயறு அரைக் கிலோ, சர்க்கரை அரைக் கிலோ, சீனி அரைக் கிலோ, தேங்காய் ஐந்து, பசும்பால் அரை லீற்றர், கஜு 50 கிராம், பிளம்ஸ் 50 கிராம், ஏலக்காய் பத்து, நெய் ஒரு சிறு போத்தல், கற்பூரம், வெற்றிலை இருபது, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு தலைவாழையிலை. ஐந்து தேங்காயில் ஒன்று கும்பத்துக்கு, ஒன்று உடைக்க, ஒன்று பொங்கலுக்கு, ஒன்று பணியாரத்துக்கு, ஒன்று மதியக் கறிக்கு. கும்பத் தேங்காயைக் கடையிலேயே காதருகில் ஆட்டிப் பாருங்கள். தண்ணீர்ச் சத்தம் இல்லாததை வாங்க வேண்டாம்.

தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்துப் பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வெட்டப்படுவதால் சித்திரையில் கிடைக்கும் பச்சையரிசி பெரும்பாலும் புதிது. புது அரிசி குறைந்த தண்ணீர்தான் குடிக்கும். பழைய அரிசிக் கணக்கில் தண்ணீர் விட்டால் பொங்கல் களியாகிவிடும். வாங்கும்போதே புதிதா பழையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிண்ணியா எருமைத்தயிர் ஒரு முட்டி எடுப்பதென்றால் 12ஆம் திகதி எடுக்கலாம். மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும் முட்டியை விட்டுவிடுங்கள், அது ஏற்கெனவே அலுங்கியது. கைவிசேடத்துக்குப் புதுத் தாள்கள் வேண்டுமென்றால் வங்கிக்கு ஒரு கிழமைக்கு முன்பே போவது உத்தமம்.

ஒரேயொரு பலகாரம்

அமைதியான வருடத்துக்கு ஒரு பலகாரம் போதும். அந்த ஒன்று பயத்தம் பணியாரமாக இருக்கட்டும். முறுக்குப் பிழிய இரண்டு பேர் வேண்டும், அரியதரத்துக்குப் பாகுப் பதம் தெரிந்த கை வேண்டும். இதை ஒருவர் தனியாக இருந்து செய்து முடிக்கலாம். 11ஆம் திகதி செய்தால் சரி.

கால் கிலோ பயற்றை மெல்லிய நெருப்பில் வாசம் வரும்வரை வறுத்து மாவாக்குங்கள். ஒரு தேங்காயில் முக்கால் பங்கைத் துருவி, ஈரம் முழுக்கப் போய் இளம் மண்ணிறம் வரும்வரை வறுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பணியாரம் மூன்றாம் நாள் புளிக்கும். 200 கிராம் சீனியை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் காய்ச்சி, இரண்டு விரலுக்கிடையில் ஒரு கம்பி இழுபடும்போது இறக்குங்கள். பயற்றமா, தேங்காய்ப்பூ, பொடித்த ஏலக்காய் நாலு, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி எல்லாவற்றையும் கலந்து, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள். முழுப் பாகும் தேவைப்படாமல் போகலாம். கைச்சூடு தாங்கும்போதே தேசிக்காய் அளவில் உருட்ட வேண்டும், ஆறினால் உதிரும்.

தோய்க்கும் மாவுக்கு அரிசிமா ஒரு கோப்பை, கோதுமைமா அரைக் கோப்பை, உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், மீதித் தேங்காயில் பிழிந்த பால். கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். மா தண்ணியாக இருந்தால் எண்ணெயில் உருண்டை வெடித்து, உள்ளே இருந்த பயறு கருகி, அதன் பிறகு சுடும் பணியாரம் எல்லாம் கறுப்புப் புள்ளியோடு வரும். அப்படி ஒன்று வெடித்தால் எண்ணெயை வடித்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும்.

முதல்நாள் பின்னேரம்

வீடு கழுவுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சாமியறை, அடுக்களை, வாசல் மூன்றும் துப்புரவாக இருந்தால் போதும். முக்கியமான வேலைகள் மூன்று.

முதலாவது புது மண்பானை. இரவு முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். குமிழி வருவது நிற்க வேண்டும். ஊறாத பானை நெருப்பில் வெடிக்கும், அதுவும் பால் பொங்கும் நேரம் பார்த்துத்தான் வெடிக்கும்.

இரண்டாவது மருத்துநீர். கோயில்களில் காய்ச்சிக் கொடுப்பார்கள். சுத்தமான போத்தலைக் கையோடு கொண்டு போங்கள். கால் லீற்றர் நாலு பேருக்குத் தாராளம். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விஷ்ணுகிராந்தி, வில்வம், அறுகு, பால், கோசலம், கோமயம், கோரோசனை, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு என்று நீளும் பட்டியலை வீட்டில் முழுமையாகச் சேர்ப்பது கடினம். போக முடியாதவர்கள் கிடைப்பதைக் கொண்டு காய்ச்சலாம்: ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு பிடி துளசி, ஒரு பிடி அறுகு, பத்து வில்வம் இலை, ஒரு துண்டு மஞ்சள், தட்டிய சுக்கு ஒரு துண்டு, மிளகு பத்து, திப்பிலி ஐந்து போட்டு அரை லீற்றராக வற்றும்வரை காய்ச்சி வடித்து, ஆறிய பிறகு இரண்டு மேசைக்கரண்டி பால். பால் சேர்த்தது சித்திரைச் சூட்டில் ஒரு நாளைக்கு மேல் தாங்காது, நாற்றமெடுக்கும். வடித்ததை இரவில் அப்படியே வைத்துக் காலையில் பாலைச் சேர்ப்பது புத்தி.

மூன்றாவது இலைகள். பஞ்சாங்கம் சொன்ன இலைகளைப் பொழுதுபட முன்னம் பறித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஆளுக்குத் தலைக்கு ஒன்று, காலுக்கு இரண்டு. குறித்த மரம் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் கோயிலில் மருத்துநீரோடு சேர்த்துக் கேளுங்கள்.

மருத்துநீர் வைத்து முழுகுதல்

வீட்டில் மூத்தவர் மற்றவர்களுக்கு வைத்துவிட வேண்டும். தலையில் இலையை வைத்து, காலடியில் மற்ற இலையைப் போட்டு மிதித்து நிற்க, உச்சியில் ஒரு மேசைக்கரண்டி அளவு விட்டுத் தடவுவார். சிறிது நேரம் பொறுத்துத் தலை முழுக வேண்டும்.

இதில் யாரும் சொல்லாத ஆபத்து ஒன்று உண்டு. டைல்ஸ் போட்ட குளியலறையில் ஈர இலையை மிதித்தால் வழுக்கும். வயது போனவர்களைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, பாதத்துக்குக் கீழே இலையை வையுங்கள். கிணற்றடி என்றால் கல்லை முதலில் தேய்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு உச்சியில் விரலால் தொட்டு வைத்தால் போதும். மிளகும் சுக்கும் கண்ணுக்குள் இறங்கினால் வருடம் அழுகையோடுதான் தொடங்கும். மஞ்சள் துவாயில் பட்டால் போகாது, பழைய துவாயை எடுங்கள்.

கும்பமும் மான்களும்

வாசலில் அரிசிமாக் கோலம். அதன் மேல் நுனி வடக்கே பார்க்கத் தலைவாழையிலை, இலையில் இரண்டு சுண்டு (பால்ரின்) பச்சையரிசி பரப்பி, முக்கால் பங்கு தண்ணீர் நிறைத்த கும்பம். மாவிலை ஐந்து, அதற்கு மேல் குடுமித் தேங்காய். இரு பக்கமும் குத்துவிளக்கு. கும்பத்தைத் தளும்பத் தளும்ப நிறைத்தால் தேங்காய் இருக்கும்போது தண்ணீர் வழிந்து கோலம் கரையும்.

கோட்டையடியிலும் கடற்கரைப் பக்கத்திலும் வீடு உள்ளவர்களுக்கு ஒரு சொல். இரவிலேயே படலையில் வாழையும் மாவிலைத் தோரணமும் கட்டி வைத்தால் விடியும்போது கயிறுதான் மிஞ்சும். ஊருக்குள் திரியும் மான்களுக்கு இளம் வாழையிலை என்றால் உயிர். விடிந்த பிறகு கட்டுங்கள், அல்லது படலைக்கு உள்ளே கட்டுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் காலைக் கூட்டத்தை விட்டுவிட்டுப் பின்னேரம் ஏறலாம்; சுவாமி மலையில் அப்போது காற்றும் இருக்கும்.

பொங்கல்

ஒரு சுண்டு பச்சையரிசி, கால் சுண்டு வறுத்த பயறு. அரிசி அளந்த அதே பால்ரின்னால் எல்லாவற்றையும் அளந்துகொள்ளுங்கள். திரவம் பழைய அரிசிக்கு ஐந்து ரின், புது அரிசிக்கு நாலரை. அதில் ஒரு ரின் பசும்பால், ஒன்று தேங்காயின் கடைப்பால், மிச்சம் தண்ணீர். முதற்பால் அரை ரின் தனியே. சர்க்கரை 300 கிராம்.

பானை தெரிவதில்தான் சின்னக் குடும்பங்கள் தவறு விடுகின்றன. பத்துப் பேருக்குப் பொங்கிய பழைய பெரும் பானையில் ஒரு சுண்டு அரிசிக்கான பாலை விட்டால் அது பாதிக்குக் கீழே கிடந்து கொதிக்குமே தவிரப் பொங்கி வழியாது. இரண்டு லீற்றர் பானை எடுங்கள். திரவம் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும்.

1. மூன்று கல் வைத்து, காற்று வரும் பக்கம் ஒரு தகரத்துண்டைச் சாத்துங்கள். பாளையும் கொக்கரையும் பற்றவைக்க, பிறகு விறகு. முதல் ஐந்து நிமிடம் மெல்லிய நெருப்பு. தொடர்மாடியில் இருப்பவர்கள் காஸ் அடுப்பில் மண்பானை வைப்பதென்றால் அடியில் தோசைக்கல்லை வைத்து அதன் மேல் வையுங்கள்; நேர்ச் சுவாலையில் அடி பிளக்கும்.

2. பால் பொங்கி வழிந்ததும், அரிசி போட இடம் வேண்டுமென்பதால் இரண்டு அகப்பை திரவத்தை எடுத்து வேறாக வையுங்கள். கழுவிய அரிசியையும் பயற்றையும் மூன்று முறை இரு கையாலும் அள்ளி இட்டு, மிச்சத்தையும் போடுங்கள்.

3. நெருப்பைத் தணித்து 20 தொடக்கம் 25 நிமிடம். இறுகினால் எடுத்து வைத்ததை விடுங்கள். அகப்பை அடியைத் தொட்டு வர வேண்டும்.

4. ஒரு பருக்கையை எடுத்து நசியுங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு இருந்தால் இன்னும் வேகவில்லை. சர்க்கரை விழுந்த பிறகு அரிசி வேகாது. விறைத்த அரிசியோடு இருக்கும் பொங்கலுக்கு எல்லாம் இந்த அவசரம்தான் காரணம்.

5. சர்க்கரையைக் கால் ரின் வெந்நீரில் கரைத்து, மண் போக வடித்து ஊற்றுங்கள். நெருப்பு மிகக் குறைய இருக்கட்டும்.

6. ஐந்து நிமிடம் கழித்து முதற்பால். கொதிக்க விட்டால் திரைந்து எண்ணெய் பிரியும். ஓரத்தில் சிறு குமிழி வந்ததும் விறகை இழுத்துவிடுங்கள்.

7. நெய்யில் பொரித்த கஜு, பிளம்ஸ், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு.

அடிப்பிடித்த மணம் வந்தால் சுரண்ட வேண்டாம், கிளற வேண்டாம். மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் முக்கால் பங்கு தப்பும்.

கைவிசேடம்

வெற்றிலையில் பாக்கு, கொஞ்சம் நெல், ஒரு பூ, காசு. கிழக்குப் பார்த்து நின்று மூத்தவர் கொடுக்க, இளையவர்கள் காலில் விழுந்து இரு கையாலும் வாங்குவார்கள். பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே தொகை கொடுங்கள். மூத்தவனுக்கு ஐந்நூறு, இளையவளுக்கு நூறு என்றால் அமைதி அந்த இடத்திலேயே கலையும். வீட்டில் வேலை செய்து உதவுபவர் இருந்தால் அவருக்கும் அதே நேரத்துக்குள் கொடுக்கப் பாருங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு வெற்றிலையை எடுத்து வைத்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவது இப்போது பல வீடுகளில் வழக்கம். அவர்களுடைய நேரத்தை முதல்நாளே கணக்குப் பார்த்துச் சொல்லி வையுங்கள்.

துடக்கு வீடு, அந்த வருடம் இழப்பு நடந்த வீடு என்றால் பலகாரச் சட்டி வைப்பதில்லை. அந்தியேட்டிக்கு முன் வருடம் பிறந்தால் எதைச் செய்வது, எதை விடுவது என்று உங்கள் குருக்களிடம் கேளுங்கள். குடும்பத்துக்குக் குடும்பம் முறை வேறுபடும்.

சாப்பாடு, தட்டுகள்

மதியம் மரக்கறிச் சாப்பாடு: சோறு, பருப்பு, கத்தரிக்காய், பூசணி, அப்பளம், மோர்மிளகாய், தயிர். தேங்காய்ப்பால் விட்ட கறி இந்தச் சூட்டில் இரவுக்குத் தாங்காது, ஒரு நேரத்துக்கு மட்டும் சமையுங்கள். அயல்வீட்டுத் தட்டுகளை 9 மணிக்குள் அனுப்பிவிட்டால் மிச்ச நாள் உங்களுடையது. முஸ்லிம், சிங்கள அயலவர்களுக்கும் சேர்த்து எண்ணியே பணியாரம் சுடுங்கள்.

முன்னே கிடக்கும் 31 நாள்

சித்திரைக்கு 31 நாள். கைவிசேடம் வாங்கிய கையோடு ஒரு கொப்பியில் வருடத்தின் பெயரை எழுதுங்கள். 2026 சித்திரையில் பிறப்பது பராபவ, 2027இல் பிலவங்க, 2028இல் கீலக. அதன் கீழ் ஆளுக்கு ஒரு ஆசை, வீட்டுக்கு ஒரு ஆசை. ஒரு வருடத்துக்கான பெரிய ஆசைகள் வைகாசிக்குள் மறந்துபோகும், அதனால் இந்த மாதத்துக்குள் முடிவதை மட்டும் எழுதுங்கள். எழுதுவது இப்படி இருக்க வேண்டும்: “உடம்பு நல்லா இருக்கோணும்” என்று அம்மா சொன்னால், “அம்மாவின் கண்ணைக் காட்டுவது, சித்திரை 12, கூட்டிப் போவது தம்பி.” “காசு மிச்சம் பிடிக்க வேண்டும்” என்றால், எந்தத் திகதியில் எவ்வளவு, எந்தப் புத்தகத்தில் என்று. ஆள் பெயரும் திகதியும் இல்லாத வரியை அடித்துவிடலாம்.

மாதத்துக்குள் வரும் நாட்களையும் அதிலேயே குறியுங்கள். சித்திரைப் பூரணையில் தாயை இழந்தவர்கள் விரதம் இருப்பார்கள். கோயில்களில் சித்திரைக் கஞ்சி வார்ப்பார்கள். அந்த நாளுக்கு அரிசியோ பயறோ கொடுப்பதென்றால் ஒரு கிழமைக்கு முன்பே சொல்ல வேண்டும். கிணறு உள்ளவர்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டு இப்போதைய தண்ணீர் மட்டத்தை அளந்து எழுதுங்கள். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று எழும்பிய பிறகு மட்டம் எவ்வளவு இறங்கிற்று என்று பார்க்க அது ஒன்றுதான் கணக்கு. பூச்செடிக்கு ஊற்றும் தண்ணீரை எப்போது குறைப்பது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

கும்பத்தை மறுநாள் எடுக்கலாம். தண்ணீர் செடிக்கு, அரிசி அடுத்த சமையலுக்கு, தேங்காய் கெட முன்னம் கறிக்கு.

வேம்பு பூத்திருக்கும் மாதம் இது. மரத்தடியில் இரவே ஒரு பழைய சேலையை விரித்தால் விடியும்போது பூ சேர்ந்திருக்கும். அதில் வடகம் போடலாம்: இரண்டு சுண்டு பூவுக்கு ஒரு சுண்டு உழுந்து, நாலு மணித்தியாலம் ஊறவைத்துக் கெட்டியாக அரைத்தது, இடித்த செத்தல் மிளகாய் பத்து, அரிந்த சின்ன வெங்காயம் 100 கிராம், பெருஞ்சீரகம், உப்பு. தட்டையாகத் தட்டி மூன்று நாலு நாள் வெயிலில் காயவையுங்கள். பின்னேர இடிமழை திடீரென்று இறங்கும் காலம் என்பதால் மூன்று மணிக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். உடைத்தால் சத்தத்தோடு முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள்.